ஓனர் இருக்க வேண்டிய வீடு

எங்கள் ஊரில் வந்து தங்குகிறவர்கள் யாரும் ஊரைப் பார்க்க வருவதில்லை. பார்க்க இங்கே என்ன இருக்கிறது? பரளச்சி தாண்டிக் கிழக்கே வந்தால் கரிசல், அதை விட்டால் சீமைக்கருவேல், அதையும் விட்டால் மறுபடி கரிசல். வருகிறவர்கள் கண்மாய்க்கரைக் கருப்பசாமியைக் குலசாமியாகக் கும்பிடுகிறவர்கள். தாத்தன் காலத்திலேயே பிழைக்கப் போய்ச் சென்னை, கோயம்புத்தூர், துபாய் என்று சிதறிவிட்டாலும், பிள்ளைக்கு மொட்டை எடுக்கவும் காது குத்தவும் இங்கேதான் வந்தாக வேண்டும். ஒரு ராத்திரி தங்கி, கிடா வெட்டிப் பொங்கல் வைத்துவிட்டுப் போவார்கள். அவர்களுக்கு வேண்டியது ஒரு ஃபேன், தண்ணீர் வருகிற குழாய், நாற்காலி மாதிரி உட்கார்கிற கக்கூஸ். இது எல்லாம் சேர்ந்தாற்போல் இருந்தது வெள்ளைத்தாய் மதினி வீட்டில்தான்.

அந்தக் கக்கூஸை மதினி வாடகைக்கு வருகிறவர்களுக்காகக் கட்டவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் இப்போது மாற்றிப் பேசுகிறார்கள், கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் பெயர் தங்கச்செல்வி. மதினி வீட்டுக்கு நேர் எதிரே மாவு மில் வைத்திருக்கிறேன். மில் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி என் வாய் பெரிய வாயாகப் போய்விட்டது. ஊரில் பாதிப் பேருக்கு என்னைக் கண்டால் ஆகாது, எனக்கும் அவர்களைக் கண்டால் ஆகாது. மதினி எனக்கு ரத்த சொந்தம் இல்லை. அவள் புருஷன் சோலைச்சாமியைச் சின்ன வயதிலிருந்து அண்ணே என்று கூப்பிட்டு வந்தேன், அந்த முறையில் அவள் மதினி.

சோலைச்சாமி அண்ணன் அருப்புக்கோட்டையில் மூட்டை தூக்கியவர். மல்லி, மிளகாய் வத்தல், பருத்தி எது வந்தாலும் அவர் முதுகில்தான் லாரி ஏறும். அப்படித் தூக்கித் தூக்கிக் கட்டிய வீடு அது. மகள் யுவராணியைப் பாலவனத்தத்தில் கட்டிக்கொடுத்த பிறகுதான் பூச்சு வேலையே முடிந்தது. முன்னால் ஒரு அறை, பின்னால் அடுப்படி, நடுவில் பெரிய கூடம். "நடுவீடு, நடுவீடு" என்று அந்தக் கூடத்தைப் பற்றித்தான் ஓயாமல் பேசுவார். குடி புகுந்து வருஷம் திரும்பவில்லை, பக்கவாதம் வந்து வலது கை காலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. குத்த வைத்து உட்கார முடியாத மனுஷனுக்காக மதினி காதில் கிடந்த தோட்டை வைத்துக் கட்டியதுதான் அந்தக் கக்கூஸ். போதுமா? இனிமேல் யாராவது என் காதுபட வேறு மாதிரிச் சொல்லட்டும்.

பேச்சு கொஞ்சம் திரும்பின பிறகு, ஒரு நாள் மதினி தோளைப் பிடித்துக்கொண்டு மில்லுக்கு வந்து உட்கார்ந்தார். வார்த்தை குழறும். ஆனாலும் விடாமல் சொன்னார்.

"ஏத்தா செல்வி, எங்கய்யா செத்தப்ப குடிசைக்குள்ள நீட்டிப் படுக்க எடமில்ல. வாசல்ல கெடந்துதான் உசுரு போச்சு. மழை வேற. சாக்கைப் போட்டு மூடி வச்சிருந்தோம். நான் என் நடுவீட்டுல கெடந்து சாகணும். அதுக்குத்தான் அம்புட்டுப் பெருசாக் கட்டுனேன்."

"சாவைப் பத்தி என்னத்துக்குண்ணே பேச்சு?" என்று அதட்டினேன்.

"ஆசைய வேற எப்பச் சொல்ல?" என்றார். மதினி முந்தானையால் அவர் வாயோரம் வழிந்த எச்சிலைத் துடைத்துவிட்டாள்.

வாடகை விஷயம் தானாக வந்ததுதான். கோயிலுக்கு வந்த ஒரு குடும்பத்தில் முட்டி வலிக்காரப் பெரிய மனுஷி ஒருத்தி காட்டுக்குள் போக முடியாமல் அழுதுகொண்டு நின்றாள். மதினி கூட்டிப்போய்த் தன் வீட்டுக் கக்கூஸைக் காட்டினாள். அடுத்த வருஷம் அவர்களே சொல்லி இன்னொரு குடும்பம் வந்தது. பிறகு அருப்புக்கோட்டை கோகுல் என்ற பையன் வந்து போட்டோ எடுத்து போனில் ஏற்றிவிட்டான். ஆட்களைப் பிடித்துத் தருவதுதான் அவனுக்குத் தொழில். முகூர்த்த மாதங்களில் வாராவாரம் வேன் வந்தது. அண்ணன் மாத்திரைக்கும் வீட்டு லோனுக்கும் அதுதான் வழி. அப்போதெல்லாம் அண்ணன் முன்னறையில் கட்டிலில் படுத்திருப்பார். வருகிறவர்கள் கூடத்தில் இருப்பார்கள். "தாத்தா, தாத்தா" என்று பிள்ளைகள் அவர் கட்டிலைச் சுற்றி ஓடும். அவருக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

கெடுத்தது தெற்குத்தெரு. அங்கே ஊரை விட்டுப் போன ஒரு கடைக்காரக் குடும்பத்தின் பூட்டிக் கிடந்த வீட்டை, சாவியை மட்டும் கொடுத்து எவனோ வாடகைக்கு விட்டான். வந்தவர்கள் குலசாமி கும்பிட வந்தவர்கள் இல்லை, குடித்துக் கும்மாளம் போட வந்தவர்கள். ஊருணியில் பாட்டிலை உடைத்துப் போட்டதில் தண்ணீர் எடுக்கப் போன பிள்ளைக்குக் கால் கிழிந்தது. ஊரே கொதித்தது. நாட்டாமை ராஜகுரு ஐயா சமுதாயக்கூடத்தில் கூட்டம் போட்டார்.

அன்றைக்குப் போட்டதுதான் ஊர்க்கட்டு. வந்து தங்குகிறவர்கள் ஆதார் நகலை ஸ்டேஷனில் கொடுக்க வேண்டும். குடிக்கக் கூடாது. பொங்கலுக்குக் காப்புக் கட்டியபின் வெளியாள் யாரும் ஊருக்குள் ராத் தங்கக் கூடாது. ஊரில் சாவு விழுந்தால் உடம்பு எல்லை தாண்டுகிற வரைக்கும் கோயில் நடை திறக்காது, வந்தவர்கள் பூஜை வைக்காமல்தான் திரும்ப வேண்டும், எங்களைக் கேட்கக் கூடாது. கடைசியாக ஒன்று: வீட்டைக் கொடுத்துவிட்டு எங்கேயோ இருக்கிற சோலியே ஆகாது, எந்த வீடாக இருந்தாலும் ஓனர் அந்த வீட்டிலேயே இருக்க வேண்டும்.

"எங்க வீட்டுக்கு அது சரிதானய்யா, நாங்க அங்கனதான இருக்கோம்" என்று மதினி எழுந்து சொன்னாள். ராஜகுரு ஐயாவும், "உன்னையச் சொல்லல தாயி, சாவிய மட்டும் குடுக்கிற பயலுகளுக்குப் போட்டது" என்றார்.

அதற்குப் பிறகு வந்தது பாருங்கள் வினை. எந்த மகராசியோ தங்கிவிட்டுப் போய் போனில் எழுதிவிட்டாள், வீடு சுத்தம், ஆனால் நோயாளி இருக்கிறார், வாடை அடிக்கிறது, ராத்திரி முழுக்க இருமல் என்று. நல்லா இருக்கட்டும் அவள். அந்தக் கோகுல் பயல் அதைக் கொண்டுவந்து அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே சத்தமாக வாசித்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் போனைப் பிடுங்கி மில்லுக்குள் போட்டு அரைத்திருப்பேன்.

"பெரியவரை வேற எங்கயாச்சும் வைங்கம்மா. இல்லாட்டி புக்கிங் வராது. என்னையக் குத்தம் சொல்லக் கூடாது" என்றான்.

அண்ணன்தான் பேசினார். "வாரவுக நாள்ல நான் செல்வி மில்லுல படுத்துக்கிறேன். அவுகளுக்கு என்னத்துக்கு எடைஞ்சல்?" என்றார். பிறகு மதினியைப் பார்த்து, "ஆனா ஒண்ணு வெள்ளைத்தாயி. எனக்குக் கடைசி வாரப்ப என்னையத் தூக்கிட்டு வந்து நடுவீட்டுல போட்டுரணும்" என்றார்.

"தூக்கிட்டு வாரேன்" என்றாள் மதினி. "தலையில சத்தியம். இப்பச் சும்மா இருங்க."

ஊர் போட்ட சட்டத்திலேயே அந்தக் கடைசிச் சட்டம் ஒன்றுதான் அண்ணன் பக்கம் நின்றது. பட்டா அவர் பெயரில், ஓனர் அவர். அவர் அந்த வீட்டிலேயே இருக்க வேண்டும் என்றுதான் ஊர் சொன்னது. அதைத்தான் மீறினோம், நாங்கள் எல்லாரும் சேர்ந்து. ராஜகுரு ஐயாவுக்கும் தெரியும், மதினி பாடு தெரிந்து கண்டுகொள்ளாமல் இருந்தார். இரக்கப்பட்டுத்தான் எல்லாரும் செய்தோம். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

என் மில்லின் பக்கத்தறை சாக்கு அடுக்கி வைக்கிற இடம். அதை ஒழித்து, ரோட்டைப் பார்த்த ஜன்னல் ஓரமாகக் கட்டில் போட்டேன். எவ்வளவு கூட்டினாலும் மாவு படியும். சாயங்காலத்துக்குள் அண்ணன் புருவம் வெளுத்துவிடும். அவர் இருக்கிற நாளில் வத்தல் அரைக்க மாட்டேன், நெடி தாங்க மாட்டார். "இன்னைக்கு வத்தல் கெடையாது, போங்க" என்பேன். "என்ன மில்லு இது, நெனச்ச நேரம்தான் அரைப்பியா?" என்று பெண்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். நான் பார்க்காத சண்டையா? எனக்குத் தாங்காதது வேறு. கக்கூஸுக்குத் தட்டு வைக்க வேண்டும். அவருக்காகக் கட்டிய கக்கூஸ் எதிரே இருக்கிறது, முன்பின் தெரியாதவன் உள்ளே இருந்து தண்ணீர் திறக்கிற சத்தம் கேட்கிறது, இவர் இங்கே தட்டில் இருந்துவிட்டு, மதினி அலசுகிறபோது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்.

போன ஆவணியில் சுபத்ரா என்ற பெண் சென்னையிலிருந்து குடும்பத்தோடு வந்தாள். மகளுக்கு மொட்டை, காதுகுத்து. தாய்மாமன் துபாயிலிருந்து அதற்கென்றே வந்திருந்தான், காதுகுத்து அன்றைக்குச் சாயங்காலமே மதுரையில் விமானம் ஏற வேண்டும். நல்ல பெண்தான், குறை சொல்ல எதுவும் இல்லை. வந்ததும் மதினியை "அம்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டது.

முந்தின நாள் சாயங்காலமே அண்ணனுக்கு மூச்சு ஒரு மாதிரி இழுத்தது. "வீட்டுக்குப் போவமா?" என்று கேட்டார். மதினி, "நாளைக்கு மத்தியானம் போயிருவாக. ஒரு பொழுதுதான், பொறுத்துக்கங்க" என்றாள். நர்ஸம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினோம். திருச்சுழி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டதற்கு அண்ணன் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். விடிந்ததும் நன்றாகத்தான் முழித்தார். ஜன்னல் வழியே எதிர்வீட்டு வாசலில் கட்டிய மாவிலைத் தோரணத்தைப் பார்த்தார். காப்பி வேண்டும் என்றார். நான் போட்டுக்கொண்டு வருவதற்குள் கண் நிலைகுத்திவிட்டது.

தட்டுத் தடுமாறி ஓடினேன். மதினி வாசலில் காதுகுத்துக்காரர்களுக்கு வெந்நீர் விளாவிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் செம்பைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். வந்து அவர் காலைத் தொட்டுப் பார்த்தாள். புருவத்தில் படிந்திருந்த மாவை விரலால் துடைத்தாள். அழவில்லை.

"வா மதினி, தூக்கிட்டுப் போயிருவோம். அவுககிட்டச் சொல்லுவோம். மனுசங்கதான, ஒதுங்கிக்கிருவாக" என்றேன்.

"நடை சாத்திருவாகளே செல்வி. அந்தப் புள்ளைக்கு மாமன் இன்னைக்கே போறான். கூடத்துல எலையெல்லாம் அடுக்கி, பூக்கட்டி வச்சிருக்காக. சாமி காரியமா வந்த பச்சப்புள்ளைக்கு மொத மொட்டையே நின்னுபோனா, அந்தப் பாவம் யாருக்கு? அவுக பூசையை முடிச்சிட்டுப் போகட்டும்."

"அப்ப அண்ணன்?"

அவள் ஜன்னல் வழியே எதிர்வீட்டைப் பார்த்தாள். பிறகு, "செல்வி, மில்லை ஓட்டு" என்றாள்.

"என்ன மதினி சொல்ற?"

"ஓட்டுத்தா. நான் அழணும்."

வெறும் மில்லை ஓட்டினால் கல் கெட்டுப்போகும். வீட்டுக்கு வைத்திருந்த கோதுமையை அள்ளிக் கொட்டி சுவிட்சைப் போட்டேன். மதினி அண்ணன் நெஞ்சில் தலையை வைத்து வாயைத் திறந்தாள். எனக்கு ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. அவள் முதுகு குலுங்குவது மட்டும் தெரிந்தது. ஒப்பாரி என்றால் நாலு தெருவுக்குக் கேட்க வேண்டும், பொம்பளைகள் வந்து கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும். என் மதினி கோதுமை அரைபடுகிற சத்தத்துக்குள் புருஷனுக்கு அழுதாள். பிறகு கையைத் தூக்கி, போதும் என்று காட்டினாள். நிறுத்தினேன். குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு வெந்நீர் விளாவப் போய்விட்டாள்.

நான் வாசலில் உட்கார்ந்துகொண்டு வந்தவர்களிடமெல்லாம், "பெல்ட்டு அந்துபோச்சு, நாளைக்கு வாங்க" என்றேன். உள்ளே அண்ணன் கிடந்தார். கோயில் பக்கம் கொட்டு கேட்டது, குலவை கேட்டது. குழந்தைக்குக் காது குத்தினபோது அது வீறிட்டு அழுதது இங்கே வரைக்கும் வந்தது. உடனே எல்லாரும் சிரித்தார்கள். பிறகு கூடத்தில் பந்தி. அண்ணன் சாகக் கேட்ட நடுவீட்டில் இலை போட்டுக் கறிச்சோறு சாப்பிட்டார்கள். மதினி தண்ணீர் ஊற்றினாள்.

கிளம்புகிறபோதுதான் அது நடந்தது. சுபத்ரா தட்டில் மஞ்சள், குங்குமம், ரவிக்கைத் துணி எல்லாம் வைத்து மதினிக்குக் கொடுத்தாள். கொடுத்ததோடு நிற்காமல் குங்குமத்தை எடுத்து மதினி நெற்றியில் அவளே வைத்துவிட்டாள். மதினி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"ஓனர் ஐயாவைப் பார்க்கவே இல்லையேம்மா. அவர்கிட்டச் சொல்லுங்க, வீட்டை அவ்வளவு அம்சமாக் கட்டியிருக்கார்னு."

"சொல்றேம்மா. நல்லாப் போயிட்டு வாங்க."

வேன் திரும்பி மறைகிற வரைக்கும் கையை ஆட்டினாள். பிறகு நேராகப் பக்கத்தறைக்கு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அண்ணன் காதுக்குப் பக்கம் குனிந்தாள். "வீடு அம்சமா இருக்காம். சொல்லச் சொன்னாக" என்றாள். நான் அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

செய்தி சொன்னதும் ஊர் கூடிவிட்டது. ராஜகுரு ஐயா வந்தார். "எப்ப?" என்று கேட்டார். "இப்பத்தான், வேன் போனதுக்கப்புறம்" என்று நான் சொன்னேன். அவர் குனிந்து அண்ணன் கையைத் தொட்டார். விறைத்துக் கிடந்த கை. அவருக்கா தெரியாது, எத்தனை சாவு பார்த்தவர். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நேரத்தைப் பற்றி அதற்கு மேல் கேட்கவில்லை.

"எங்க வச்சு உசுரு போச்சு?" என்று மட்டும் கேட்டார்.

அதில்தான் எல்லாம் இருந்தது. வெளியில் செத்த உடம்பை வீட்டுக்குள் ஏற்றக் கூடாது, வாசலில்தான் போட வேண்டும். எங்கள் ஊர் வழக்கம் அது. ஆஸ்பத்திரியில் போனவர்களையும் அப்படித்தான் போடுவோம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் வீடு, இந்தப் பக்கம் மில், அவ்வளவுதான் தூரம். இருந்தாலும் வெளி வெளிதானாம்.

"வீட்டுலதான் ஐயா" என்று நான் முந்திக்கொண்டேன். "அங்கன மூச்சு நின்னதும், காத்தாடுனாத் திரும்பும்னுதான் மில்லுக்குத் தூக்கியாந்தோம்..."

"வெள்ளைத்தாயி, நீ சொல்லு" என்றார் ஐயா. சத்தியமாகச் சொல்கிறேன், அவர் கண் மதினியைக் கெஞ்சியது. சொல்லிவிடு தாயி, நான் ஒத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சியது. வீடு என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் போதும்.

மதினி நிமிர்ந்தாள். நெற்றியில் சுபத்ரா வைத்த குங்குமம் இன்னும் அப்படியே இருந்தது.

"மில்லுலதாய்யா" என்றாள். "செல்வி மில்லுல, சாக்கு வைக்கிற எடத்துல."

"மதினி!" என்று கத்தினேன்.

"போதும் செல்வி. காலையில இருந்து எம்புட்டுப் பொய்யி. அவுக அங்கன கெடந்து, என் வீட்டையே பாத்துக்கிட்டுப் போனாக. அதையும் நான் இல்லன்னு சொன்னா, அவுக பட்டது என்னத்துக்கு?"

வாசலில்தான் போட்டார்கள். சாமியானா போடுகிறதற்குள் பாலவனத்தத்திலிருந்து யுவராணி வந்து, "எங்கப்பா நடுவீட்டுல சாகணும்னாரே!" என்று மண்ணில் விழுந்து புரண்டாள். கதவு திறந்துதான் இருந்தது. அண்ணன் தலைமாட்டிலிருந்து பார்த்தால் கூடம் முழுக்கத் தெரியும். எச்சில் இலை எடுத்துக் கழுவிவிட்ட தரை இன்னும் காயவில்லை. ஃபேனை யாரும் நிறுத்தவில்லை, அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் ராஜகுரு ஐயாவைப் பிடித்துக் கேட்காத கேள்வி இல்லை. "உங்க சட்டத்துல ஈரமே கெடையாதா?" என்று சட்டையைப் பிடிக்காத குறை. அவர் தலையைக் குனிந்துகொண்டே நின்றார். "அவளே சொல்லிட்டா செல்வி. ஊரு முன்னால சொல்லிட்டா" என்றார்.

காரியம் முடிந்து, கோகுல் மறுபடி வந்தான். தை முகூர்த்தத்துக்கு ஆள் கேட்கிறார்களாம். சுபத்ரா போனில் எழுதிய பாராட்டைப் பார்த்து நிறையப் பேர் கேட்கிறார்களாம். இப்போதுதான் வீட்டில் நோயாளியும் இல்லையே என்று அவன் வாய் வரைக்கும் வந்ததை நான் பார்த்த பார்வையில் விழுங்கிக்கொண்டான்.

மதினி தன்மையாகத்தான் சொன்னாள். "ஓனர் வீட்டுல இருக்கணும்னு ஊர்க்கட்டு இருக்குல்லப்பா. அவுக இல்லையே."

"பட்டாவை உங்க பேருக்கு மாத்திக்கிட்டா முடிஞ்சதும்மா. நீங்கதான் ஓனர்."

"நான் அங்கன படுக்கிறதில்லப்பா" என்றாள்.

உண்மைதான். பகலில் போய்க் கூட்டுவாள், துடைப்பாள், விளக்குப் போடுவாள். வீட்டு லோனுக்குப் பாலவனத்தம் பக்கம் ஒரு பஞ்சு மில்லில் கூட்டுகிற வேலைக்குப் பஸ் ஏறிப் போகிறாள். பொழுது சாய்ந்தால் என் மில்லின் பக்கத்தறைக்கு வந்து, அவர் கிடந்த கட்டிலில், ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துப் படுத்துக்கொள்வாள். நான் எத்தனையோ திட்டிப் பார்த்துவிட்டேன். "அம்புட்டுப் பெரிய வீட்டைப் போட்டுட்டு இந்த மாவுக்குள்ள என்னத்துக்கு மதினி?" என்றேன்.

"இங்கன இருந்து பாத்தா வீடு எப்படித் தெரியுமோன்னு பாக்கேன்" என்றாள்.

அவள் படுத்திருக்கிற நேரத்திலும் நான் வத்தல் அரைப்பதில்லை.